படத்தில் எழுதிய தமிழ்

படம் கண்ணுக்கு விரைந்து பொருள் உணர்த்தும். எழுத்து வரையறுத்துப் பொருள் உணர்த்தும். இவ்விரண்டின் இயல்பையும் துறைமுகப் பட்டினத்தில் வாழ்பவர் நன்கு அறிவர். புயல் எழும் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். பகலில் கூம்பும் உருளையுமாகிய வடிவங்களும், இரவில் செந்நிற வெண்ணிற விளக்குகளும் உயரத்தில் விளங்கும். அவ்வடையாளங்கள் 1 முதல் 11 வரை எண்ணிட்டு வகுக்கப்பட்டுள்ளன. எழுதப் படிக்க அறியாத மாலுமியும், வேற்று நாட்டிலிருந்து வந்த மாலுமியும் அக்கூண்டினை நோக்கிய அளவிலே இடர் வருவதை உணர்ந்துகொள்வர். ஆயினும், எத்தனை மைல் தொலைவுக்கு அலை உயரும், எந்த நாள் வரையில் கரையில் தங்கியிருத்தல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் கூண்டு கூறாது. அவற்றைக் கூறுதற்கு எழுத்து வேண்டும். படமும் எழுத்தும் ஒன்றுசேரும் இடத்திலே செய்தியானது விரைவும் தெளிவும் ஒருங்கே பெறுகின்றது.

படத்தோடு எழுத்தைச் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்தில், பண்டைக் காலத்தில் கொற்கை என்னும் துறைமுகம் சிறந்து விளங்கிற்று. பாண்டியர்க்குரிய அத்துறை முத்துக்குப் பெயர் பெற்றது. கடல் பின்வாங்கியமையால் இன்று கொற்கை கரையை விட்டு விலகி, வயல் சூழ்ந்த சிற்றூராய்க் காட்சியளிக்கின்றது. அந்தப் பாண்டியர் வெளியிட்ட பழங்காசு ஒன்றில் குதிரையின் உருவமும், அதனோடு 'பெருவழுதி' என்னும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. மறுபக்கத்தில் மீன் சின்னம் கோட்டுருவாய் விளங்குகின்றது. குதிரையை மட்டும் கண்டவர், இஃது எவர் காசு என்று ஐயுறக்கூடும். பெயரும் உடன் நிற்றலால் ஐயம் அகல்கின்றது. உருவத்தின்மேல் எழுத்தைப் பொறித்த அக்கலைஞன் செய்த தொழிலையே இன்று கணினியும் செய்கின்றது. கருவி மாறியது, தொழில் மாறவில்லை.

அக்காசில் உள்ள எழுத்துத் தமிழ்ப் பிராமி எனப்படும். அவ்வெழுத்தில் எகர ஒலியைக் காட்டுதற்கு மெய்யெழுத்தின் இடப்புறத்தில் ஒரு சிறு கோடு இழுப்பர். ஒகர ஒலியைக் காட்டுதற்கு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரு கோடுகள் இழுப்பர். நூற்றாண்டுகள் பல கழியக் கழிய, இடப்புறத்துக் கோடு வளைந்து, நீண்டு, தனித்து நின்று, நாம் இன்று எழுதும் கொம்பாக உருப்பெற்றது. 'பெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்பதற்கும், 'பொ' என்னும் எழுத்தில் முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்பதற்கும் காரணம் இதுவேயாகும். இச்செய்தியை உள்ளத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனிக் கூறப்போகும் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

என் பெயர்த்தி கல்லூரியில் கணினியியல் பயில்கின்றாள். எங்கள் பகுதி மீனவர் பலர் அரசின் வானிலை அறிவிப்பை நாள்தோறும் கைப்பேசியில் எதிர்நோக்கி இருப்பர். நீண்ட அறிக்கையைப் படித்துப் பார்க்க அவர்க்கு நேரம் இராது. கடற்கரையின் படத்தின்மேல் இரண்டு மூன்று வரிகளில் செய்தியை எழுதி அனுப்பினால், படகைத் தள்ளுவதற்கு முன் ஒரு பார்வையில் அறிந்துகொள்வர். ஆதலின், அறிவிப்பில் உள்ள சொற்களை நாள்தோறும் ஒரு படத்தின்மேல் தானே எழுதித் தரும் நிரல் ஒன்றை அமைக்க அவள் முனைந்தாள்.

இது சிறு முயற்சியேயாயினும் இதன் பயன் சிறிதன்று. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலில் சிக்கிக் கன்னியாகுமரி, கேரளக் கரைகளைச் சேர்ந்த மீனவர் பலர் மீளாமற் போயினர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பெருமழை வருத்திற்று. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. இத்தகைய காலத்தில் ஒரு வரிச் செய்தி ஓர் உயிரின் விலை பெறும். அவ்வரி பிழையின்றி அமைதல் வேண்டும் என்பதனை விரித்துக் கூறவேண்டுவதில்லை.

அவள் நிரல் எழுதிய முறையை எனக்குப் படிப்படியாக விளக்கினாள். கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசையே நிரல் எனப்படும். அவற்றை எழுதுதற்குரிய மொழிகள் பல. அவற்றுள் 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் என்பது எளிமையால் புகழ் பெற்றது. ஆனால், படத்தைத் திறத்தல், அதன் நிறத்தை மாற்றுதல், அதன்மேல் எழுதுதல் ஆகிய எல்லாவற்றையும் ஒருவர் முதலிலிருந்து எழுதத் தொடங்கினால் ஆண்டுகள் பல கழிந்துவிடும். தோணி கட்டும் தச்சர், பலகையை இணைக்கும் ஆணியைத் தாமே காய்ச்சி அடிப்பதில்லை. கொல்லர் செய்த ஆணியைப் பெற்றுப் பயன்கொள்கிறார். அதுபோல, பிறர் முன்னரே எழுதி வைத்துள்ள நிரல்களின் தொகுதியை நாம் எடுத்துப் பயன்படுத்தலாம். அத்தகைய தொகுதியை 'நூலகம்' என்று வழங்குவர். பைத்தானில் படங்களைக் கையாளுதற்கென 1995-ஆம் ஆண்டில் பிரெட்ரிக் லுண்ட் என்பவர் ஒரு நூலகத்தை வெளியிட்டார். அதன் வழியில் 2010-ஆம் ஆண்டில் அலெக்ஸ் கிளார்க் என்பவர் தொடங்கிய நூலகம் 'பில்லோ' எனப்படும். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் தலையணை என்பது பொருள். உலகெங்கும் உள்ளோர் அதனை விலையின்றிப் பயன்படுத்துகின்றனர்.

அந்நூலகத்தைக் கொண்டு படத்தின்மேல் எழுதுதல் நான்கு செயல்களால் முடிவது. முதலில் படத்தைத் திறத்தல் வேண்டும். இரண்டாவதாக, எழுத்துருவைத் தேர்ந்து, அதன் அளவைக் கூறுதல் வேண்டும். தமிழ் வடிவங்கள் இல்லாத எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்துக்கு மாறாக வெறுங்கட்டங்களே தோன்றும். மூன்றாவதாக, எழுதவேண்டிய இடத்தையும் நிறத்தையும் குறித்தல் வேண்டும். படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆயது. அதன் இடப்பக்க மேல்மூலையே தொடக்கம். அங்கிருந்து வலப்புறமாக எத்தனை புள்ளி, கீழ்நோக்கி எத்தனை புள்ளி என்று இரண்டு எண்களைக் கூறினால், கணினி அவ்விடத்தில் எழுதத் தொடங்கும். நான்காவதாக, எழுதிய படத்தைச் சேமித்தல் வேண்டும். இவ்வளவுதான். கோலம் இடுவோர் புள்ளி வைத்து இடம் குறித்துக்கொள்வதைப் போன்றதே இது என்று எனக்குத் தோன்றிற்று.

ஒரு மாலையில் அவள் முதற்படத்தை எடுத்து என்னிடம் காட்டினாள். கடலின் படம் அழகாக இருந்தது. அதன்மேல் வெண்ணிற எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. 'கரையிலிருந்து 10 கடல் மைல் வரை அலை உயரும். வைகறையில் செல்ல வேண்டாம்' என்பது அவள் எழுத எண்ணிய செய்தி. ஆனால் படத்தில் இருந்ததோ வேறு. 'கடல் மைல்' என்று இருக்கவேண்டிய இடத்தில் என் கண் 'கடல் மலை' என்று படித்தது. உற்று நோக்கியபோது, அந்த 'லை'யின் தலைமேல் ஒரு புள்ளியும் காணப்பட்டது. 'வைகறை' என்னும் சொல் 'வகை' என்று தொடங்கி, றகரத்தின் பின்னே பற்றுக்கோடின்றி நின்ற ஒரு சங்கிலிக்கொம்போடு முடிந்தது. 'வேண்டாம்' என்பதில் வகரம் தனித்து நிற்க, அதற்குரிய இரட்டைக்கொம்பு அடுத்து நின்ற ணகர மெய்யைப் பற்றிக்கொண்டது. உகரக் குறிகளும் தத்தம் எழுத்தோடு இணையாமல் விலகிக் கிடந்தன.

"தாத்தா, நான் சரியாகத்தான் தட்டச்சு செய்தேன். தட்டும்போது திரையில் நன்றாகவே இருந்தது. படத்தில் ஏறியவுடன் இப்படிச் சிதைந்துவிட்டதே!" என்று வருந்தினாள்.

அவளுடன் பயிலும் தோழி ஒருத்தி அப்போது அங்கே இருந்தாள். "தமிழ் எழுத்து இதற்கெல்லாம் ஒத்துவராது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிடு. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்று அவள் கூறினாள். அவள் கூற்றில் தீய எண்ணம் ஒன்றும் இல்லை. வேலை முடியவேண்டும் என்னும் விரைவே இருந்தது. எனினும், தமிழாசிரியனாகப் பல்லாண்டு வாழ்ந்த எனக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது. நோயின் முதலை அறியாமல் உறுப்பை வெட்டுதல் மருத்துவமாகாது அன்றோ?

நான் பெயர்த்தியை நோக்கி, "அம்மா, 'மை' என்று மெல்ல ஒலித்துக் காட்டு. முதலில் எந்த ஒலி பிறக்கின்றது?" என்று வினவினேன்.

"முதலில் மகரம்; பின்பு ஐகாரம்" என்றாள்.

"நல்லது. அதனையே இத்தாளில் எழுதிக் காட்டு" என்றேன். அவள் எழுதினாள். அவள் கை முதலில் சங்கிலிக்கொம்பை வளைத்தது. அதன் பின்னரே மகரத்தை எழுதிற்று.

"பார்த்தாயா? வாய் முதலில் கூறியதைக் கை இரண்டாவதாக எழுதுகின்றது. உன் கணினி வாயின் வழி நிற்கின்றதா, கையின் வழி நிற்கின்றதா என்று தேடிப் பார்" என்றேன்.

அவ்வினாவே வழியைத் திறந்தது. மெய் முன்னே நிற்க, உயிர் அதன் வழியே பின்னர்த் தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு வடிவு உண்டு என்பதும் நம் இலக்கணம் கூறுவதே. ஒலிவடிவில் மெய் முந்தும். வரிவடிவில் சில இடங்களில் உயிர்க்குறி முந்தும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் முன்னே நிற்கும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இருபுறமும் நிற்கும். இகரக் குறி மேலே வளையும். உகரக் குறியோ எழுத்துக்கு எழுத்து வேறுபட்டு, 'கு' என்றும் 'து' என்றும் 'பு' என்றும் தனித்தனி உருக்கொள்ளும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்தளிக்கும் ஏற்பாடு யூனிகோடு எனப்படும். ஒருங்குறி என்றும் அதனைக் கூறுவர். 1991-ஆம் ஆண்டில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம் பெற்றது. அந்த ஏற்பாடு தமிழ் எழுத்துகளை ஒலிமுறையிலேயே வரிசைப்படுத்துகின்றது. மகரத்துக்கு 2990, லகரத்துக்கு 2994, ஐகாரக் குறிக்கு 3016, புள்ளிக்கு 3021 என்பன அதில் உள்ள எண்கள். ஆதலின், 'மைல்' என்னும் சொல் கணினியின் நினைவில் 2990, 3016, 2994, 3021 என்று அமைகின்றது. மகரம் முன்னே; ஐகாரக் குறி பின்னே. இலக்கணம் கூறிய ஒழுங்கு அதுவே. அவ்வெண்களை அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தால், சங்கிலிக்கொம்பு மகரத்துக்குப் பின்னும் லகரத்துக்கு முன்னுமாக நிற்கும். படிப்பவர் அதனை லகரத்தோடு சேர்த்து 'மலை' என்றே படிப்பர். கணினி பொய் கூறவில்லை. அது ஒலிமுறையை அறிந்திருந்தது. வரிமுறையை அதற்குக் கூறுவார் இல்லை.

ஒலிமுறையை வரிமுறையாக மாற்றும் பணிக்கெனவே தனி நிரல்கள் உண்டு. அவற்றுள் பெரிதும் வழங்குவது ஹார்ஃபஸ் என்பது. பாரசீக மொழியில் 'ஹர்ஃப்' என்பது எழுத்தையும், 'பாஸ்' என்பது திறந்தது என்பதையும் குறிக்கும். கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டும், இணையத்தைக் காட்டும் குரோம், பயர்பாக்ஸ் ஆகியனவும் அதனைத் துணையாகக் கொண்டே நமக்குத் தமிழைச் செவ்வையாகக் காட்டுகின்றன. தட்டச்சு செய்யும்போது திரையில் எழுத்துச் சரியாகத் தோன்றியதற்கும் இத்தகைய உருவமைப்பு நிரலே காரணம். பில்லோ நூலகத்தில் எழுதும் முறை இருவகைப்படும். ஒன்று, எண்களை வரிசையாக வரைந்து செல்லும் எளிய முறை. மற்றொன்று, ராக்ம் என்னும் துணை நூலகத்தின் வாயிலாக ஹார்ஃபஸை அழைத்து, எழுத்துகளை உரிய உருவில் அமைக்கும் முறை. இரண்டாவது முறை 2017-ஆம் ஆண்டு முதல் அதில் இடம்பெற்றுள்ளது. என் பெயர்த்தியின் கணினியில் அத்துணை நூலகத்துக்கு வேண்டிய பகுதி ஒன்று அமைக்கப்படவில்லை. ஆதலின் நிரல் எளிய முறையிலேயே எழுதிற்று. ஆங்கிலத்தை அவ்வாறு எழுதினால் குறை ஒன்றும் தோன்றாது. தமிழை எழுதினால் கொம்பு இடம் மாறிவிடும்.

விடுபட்ட பகுதியை அவள் சேர்த்தாள். தன் நிரலில் செய்தியின் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மறுபடியும் இயக்கினாள். 'மைல்' மைலாகவே நின்றது. 'வைகறை' வைகறையாகவே விடிந்தது! படம் எழுதுவதற்கு முன், துணை நூலகம் உள்ளதா என்று நிரலே வினவி அறிந்து, இல்லையாயின் எழுதாமல் நின்றுவிடுமாறும் ஒரு கட்டளையை அவள் சேர்த்துக்கொண்டாள். தவறாக எழுதுவதினும் எழுதாமல் நிற்றல் நன்று என்பதனை அவள் உணர்ந்தமை கண்டு மகிழ்ந்தேன்.

மாணவர்களே, எழுத்துப் புதிய பரப்பில் ஏறும்போதெல்லாம் இத்தகைய இடர் தோன்றியே வந்துள்ளது. அதனைத் தீர்ப்பதற்கு நம் கரையிலும் சான்றோர் முயன்றுள்ளனர். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டு எழுதினர். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். 1554-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டு லிசுபன் நகரில் தமிழ்ச் சொற்களைக் கொண்ட நூல் ஒன்று அச்சேறியது. அன்று தமிழுக்கு அச்செழுத்து இல்லாமையால், அச்சொற்கள் ரோமன் எழுத்திலேயே அச்சிடப்பட்டன. பெயர்த்தியின் தோழி கூறிய வழியை அன்றே ஒருமுறை மேற்கொண்டு பார்த்துவிட்டனர்!

ஆனால் அவ்வளவில் நின்றுவிடவில்லை. முத்துக்குளித்துறை என்று வழங்கிய இக்கரையில் தொண்டாற்றிய அண்டிரீக்கு அடிகளார் தமிழைக் கற்றுத் தேர்ந்தார். புன்னைக்காயல் அவர் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று. அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். ஆயினும், ரோமன் எழுத்தில் தொடங்கி 24 ஆண்டுகளுக்குள் தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சேறிய பெருமை அச்சிறு நூலால் விளைந்தது. பிற்காலத்தில் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றினார். குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்று வேறுபாடு காட்டிய பெருமையை அவர்க்கு உரியதாக்கித் தமிழுலகம் போற்றுகின்றது.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர், கொம்பை முதலில் எடுத்து வைத்து, மெய்யைப் பின்னர் வைப்பார். அவர் கையின் முறையைப் பின்பற்றினார். நான் பள்ளியில் பயின்ற நாளில் 'லை'யின் ஐகாரம், லகரத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்றது. பெரியார் 1935-ஆம் ஆண்டு முதல் தம் இதழில் வழங்கிய சீரமைப்பைத் தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே அத்துதிக்கை மறைந்து, ஏனைய எழுத்துகளைப் போல் சங்கிலிக்கொம்பு முன்னே வந்து நின்றது. ஓலை, ஈயம், ஒளி எனப் பரப்பு மாறுந்தோறும் எழுத்து அதற்கேற்ப இயைந்து வந்துள்ளது. அதனை இயைவித்தவர் எழுத்தின் இயல்பை அறிந்தவர்களே.

எழுத்து உருவம் பெற்ற பின்னும் பெயர்த்திக்கு வேலை முடியவில்லை. நீண்ட வரியைப் படத்தின் அகலத்துக்கு ஏற்ப மடித்தல் வேண்டும். 'தூத்துக்குடி' என்னும் சொல்லில் நாம் 6 எழுத்து என்று எண்ணுவோம். கணினியோ குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி 12 என்று கூறும். அதன் எண்ணிக்கையை நம்பி வரியை வெட்டினால், உயிர்க்குறி ஒரு வரியிலும் மெய் ஒரு வரியிலுமாகப் பிரிந்துவிடும். ஆதலின், எண்ணிக்கையை விடுத்து, ஒவ்வொரு சொல்லும் படத்தில் எவ்வளவு அகலம் கொள்ளும் என்று நூலகத்தைக் கொண்டே அளந்து, சொல்லும் சொல்லும் பிரியும் இடத்தில் மட்டும் வரியை மடித்தாள்.

படத்தை வெளியிடுமுன் கரைக்குச் சென்று, படகில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். அவர் கைப்பேசியை வெயிலில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, சேதி நல்ல சேதிதான். ஆனால், நுரையும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. இந்த வெயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. எழுத்துத் தடிப்பாக இருந்தால் நல்லது. 'போகாதே' என்பதை முதலில் போடம்மா, மற்றதெல்லாம் பிறகு" என்றார்.

ஏடு கற்றவர்க்கும் எட்டாத அறிவுரை அது. அதன்படி, படத்தின் கீழ்ப்பகுதியில் கருநீலப் பட்டை ஒன்றை இட்டு, அதன்மேல் தடித்த வெள்ளெழுத்தில் எழுதினாள். 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்னும் வரி தலைமை பெற்றது. காரணம் அடுத்த வரியில் நின்றது. 10 கடல் மைல் என்பதனோடு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் என்பதும் சேர்ந்தது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் கொண்டது அன்றோ? பார்வையற்றோர்க்குக் கைப்பேசி செய்தியைப் படித்துக் காட்டும். ஆயின், படத்துக்குள் எழுத்தாய்க் கிடப்பதை அது எளிதில் படிக்கமாட்டாது. ஆதலின் அதே செய்தியைப் படத்தின் கீழே தனி எழுத்தாகவும் சேர்த்து அனுப்ப முடிவு செய்தாள். முதியவர் இரண்டாம் படத்தைப் பார்த்து, தடையின்றி வாய்விட்டுப் படித்தார். அவர் வாயிலிருந்து 'பத்துக் கடல் மைல்' என்னும் சொல் பிழையின்றி வந்தபோது என் பெயர்த்தியின் முகம் மலர்ந்தது. அதனினும் மேலான தேர்வு வேறு யாது உளது?

இந்நிகழ்ச்சியால் நாம் அறியத்தக்கன சில உள. தமிழ் கணினிக்கு ஒவ்வாதது என்று எவரேனும் கூறினால், அதனை உடனே நம்பிவிடல் வேண்டா. ஒவ்வாமை எங்குள்ளது என்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். இலக்கணம் பழையது, நிரல் புதியது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கருதுதலும் வேண்டா. மெய்யின் பின் உயிர் தோன்றும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன் கூறிய நெறியே இன்று கணினியின் எண்வரிசையாய் அமைந்துள்ளது. இலக்கணம் அறிந்தவர் நிரலையும், நிரல் அறிந்தவர் இலக்கணத்தையும் ஓரளவேனும் கற்றல் நலம் பயக்கும். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமையால் விளைந்ததே 'மைல்' மலையான வேடிக்கை. கடலுக்குச் செல்பவர்க்கு அது வேடிக்கையாய் முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கும். அந்நாளையும் அறிவிக்கவேண்டும். பள்ளி விழாவையும், குருதிக் கொடையையும், காணாமற்போன குழந்தையையும் அறிவிக்கவேண்டும். இனி நீங்களே கைப்பேசியிலும் கணினியிலும் படம் அமைத்துச் செய்தி எழுதுவீர்கள். எழுதியதை வெளியிடுமுன் உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பிறர் வாயால் ஒருமுறை படிக்கக் கேளுங்கள். கொம்பும் காலும் புள்ளியும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று நோக்குங்கள். அவை சிறு குறிகளே. ஆயினும், முத்தில் சிறு மாசு இருப்பின் அதன் விலை முழுதும் குன்றுவதுபோல, ஒரு கொம்பு இடம் மாறினால் சொல்லின் பொருள் முழுதும் கெடும். மாசு நீக்கிய எழுத்தை மக்கள் கையில் கொடுத்தல் கற்றவர் கடமையாகும்.